ஆரணி அப்பாக்கள் படுத்த படுக்கையாக இருந்த காலம்

எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்த மாடியில் இப்போது வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் ஆபீஸ் ஒன்று வந்திருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் பெண்கள் இரண்டு பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளின் பல்கலைக்கழக விண்ணப்பங்களை இருபது வருஷத்துக்கு மேல் டைப் அடித்தவள் நான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "மேடம், ஸ்ட்ராங்கா ஒரு பெர்சனல் ஸ்டேட்மென்ட் எழுதறது எப்படின்னு எங்க ஸ்டாஃபுக்கு நீங்க ஒரு கிளாஸ் எடுக்கணும்" என்றார்கள். காபியைக் கொடுத்துவிட்டு, "எப்படி எழுதக் கூடாதுங்கறது வேணும்னா எனக்கு நல்லாத் தெரியும்மா" என்றேன். அதையே எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கேட்டது அவர்கள்தான், பின்னால் என்னைக் குறை சொல்லக் கூடாது.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன், டைப்பில் லோயர் பாஸ் பண்ணினேன், ஹையர் பாஸ் பண்ணினேன், படித்த இன்ஸ்டிடியூட்டிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான். ஏ எஸ் டி எஃப் என்று விரல் தேயத் தட்டியதை நினைத்து உருகுகிறவர்களை நான் நம்புவதில்லை.

இன்ஸ்டிடியூட்டை நடத்தியவர் சதாசிவம் சார். வாசல் போர்டில் தன் பெயருக்குக் கீழே 'பிரின்சிபால்' என்று போட்டுக்கொண்டதால் ஊரே அவரைப் பிரின்சிபால் சார் என்றது. அவர் சம்சாரமும் அப்படித்தான் கூப்பிடுவார். அதற்கு முன்னால் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்து, வாழ்நாளில் பாதியை மனு எழுதியே கழித்தவர். கிணற்றுக்கு மின்சாரம் கேட்டாலும் சரி, முதியோர் பென்ஷன் கேட்டாலும் சரி, கேட்கிறவன் நிலைமையைப் படித்தால் கல்லும் கரைய வேண்டும் என்பது அவர் கொள்கை. பல்கலைக்கழகத்தையும் அவர் கொஞ்சம் பெரிய தாசில்தார் ஆபீஸாகத்தான் பார்த்தார்.

எழுபதுகளில் சில கல்லூரிகள் விண்ணப்பத்தோடு ஒரு புது வழக்கத்தைக் கொண்டு வந்தன. உன்னைப் பற்றியும், இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறாய் என்பதைப் பற்றியும் உன் சொந்த வார்த்தைகளில் எழுது என்று கேட்டன. உடனே ஆரணியில் எல்லோரும் சொந்த வார்த்தைகளை எழுதி வாங்குவதற்கு எங்கள் மாடி ஏறினார்கள்.

அதற்கு ஒரு முறை உண்டு. பையனை முக்காலியில் உட்கார வைத்து, காகிதம் பறக்காமல் இருக்க ஃபேனை நிறுத்திவிட்டு, பிரின்சிபால் சார் விசாரணையை ஆரம்பிப்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அப்பா இருக்காரா?" இருக்கிறார் என்றால் அவர் முகம் கொஞ்சம் வாடும். "ஒடம்புக்கு ஏதாச்சும்?" ஒன்றுமில்லை என்றால் இன்னும் வாடும். கட்டிக்கொடுக்க வேண்டிய அக்கா தங்கச்சி எத்தனை பேர், அம்மாவுக்குக் கண் தெரியுமா, வீட்டில் கரண்ட் உண்டா என்று வரிசையாகக் கேட்பார். எல்லாம் நல்லபடியாக இருக்கிற வீட்டுப் பிள்ளை என்றால், "இவனை வெச்சிகினு நான் இன்னாத்த எழுதறது?" என்று என்னைப் பார்த்து நொந்துகொள்வார்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தபடி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, நான் கார்பன் வைத்து நேராக மெஷினில் அடிக்க வேண்டும். வறுமையில் பிறந்தேன், என் தந்தை படுத்த படுக்கையாக இருக்கிறார், தெருவிளக்கில் படித்தேன், தாங்கள் இடம் அளித்தால் ஏழைகளுக்கே என் வாழ்நாளை அர்ப்பணிப்பேன். கேட்கிற படிப்பு எதுவானாலும் இதுதான். கால்நடை மருத்துவத்துக்கு எழுதியவனும் ஏழைகளுக்குத்தான் தொண்டு செய்வதாக எழுதினான். மாடுகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

இப்படியாக ஆரணியில் பிள்ளையைக் காலேஜில் சேர்க்க நினைத்த அப்பாக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் படுக்கையில் விழுந்தார்கள். காலையில் நான் வேலைக்கு வரும்போது அவர்கள் பெரிய கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டு எனக்கு வணக்கம் சொல்வார்கள்.

இது எதுவரைக்கும் போகும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் நடேசன் விவகாரம் வந்தது. நடேசன் பட்டு வியாபாரி. பல தறிகள் அவரை நம்பி ஓடின. ஆள் கோயில் தூண் மாதிரி இருப்பார். அவர் மகன் சென்னையில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்தான். அவனுடைய வாசகத்தில் நடேசன் படுத்த படுக்கை, குடும்பத் தறிகளும் விற்றுப் போயாயிற்று. விண்ணப்பம் போன கொஞ்ச நாளில் அதே கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் குடும்பத்தோடு ஆரணிக்கு, அதுவும் நடேசன் கடைக்கே வந்தார். கல்யாணம் வைத்தவர்கள் பட்டுக்கு ஆரணி வருவது வழக்கம்தானே. இதைத்தான் எங்கள் பிரின்சிபால் சார் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

நடேசன் ஏணி மேல் நின்று மேல்தட்டுப் புடவைகளை எடுத்துப் போட்டபடி, பெரிய மனிதர் ஆயிற்றே என்று பேச்சுக் கொடுத்திருக்கிறார். "என் புள்ளையும் உங்க காலேஜுக்குத்தான் சார் போட்டிருக்கான்" என்று பெயரைச் சொல்லியிருக்கிறார். பேராசிரியர் யோசித்துவிட்டு, "அந்தப் பையனோட அப்பாவுக்கு நடக்கவே முடியாதுன்னு படிச்ச ஞாபகம்" என்றாராம். நடேசன் ஏணியிலிருந்து மெதுவாக இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தான் சார் கொஞ்சம் எழுந்து நடமாடறேன்" என்று சொன்னதாக அவர் கடைப் பையன்கள் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்கள்.

பேராசிரியர் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். நடேசன் எங்கள் மாடிக்கு வந்து கத்தினார். "சீட்டு போனா போவுது சார்! முகூர்த்தப் பொடவையிலேர்ந்து சம்பந்தி வூட்டு வரைக்கும் மொத்தமா எடுக்க வந்த பார்ட்டி! இப்படி பேஜார் பண்ணிட்டியே!" அன்றிலிருந்து பிரின்சிபால் சார் வாசகத்தில் ஒரு திருத்தம் செய்தார். படுத்த படுக்கை என்பது 'அடிக்கடி படுத்த படுக்கை' ஆயிற்று. ஏணி ஏறுவதற்கு அதில் இடம் இருந்தது.

இனி கஸ்தூரி விஷயம். எண்பதுகளின் தொடக்கம். சேவூரில் தறி நெய்யும் ராகவனின் மகள் அவள். வேலூரில் விலங்கியல் பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். கர்நாடகத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பட்டுப்புழு வளர்ப்பைப் பற்றிய மேல்படிப்பு இருப்பதாகத் தெரிந்து விண்ணப்பம் வரவழைத்திருந்தாள். அவள் அம்மாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. போளூரில் இரும்புக்கடை வைத்திருந்த தன் தம்பிக்கு அவளைக் கட்டிக்கொடுக்கப் பேசி வைத்திருந்தாள். ராகவன் நடுவில் புகுந்து ஒரு தவணை வாங்கிக் கொடுத்திருந்தார். ஆடி முடிவதற்குள் சீட்டு வந்தால் படிப்பு, வராவிட்டால் ஆவணியில் போளூர். அப்பாவும் மகளும் இந்த நிலைமையில்தான் மாடி ஏறி வந்தார்கள்.

பிரின்சிபால் சார் ஃபேனை நிறுத்தினார். அப்பாவே நேரில் நிற்பதால் முதல் கேள்வியைத் தாண்டி, "இன்னா ராகவா, ஒடம்புக்கு இன்னா?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருக்கேன்."

"முதுகு வலி?"

"தறியில உக்கார்றவனுக்கு முதுகு வலிக்காம இருக்குங்களா?"

"அது போதும்." கண்ணை மூடி நடக்க ஆரம்பித்துவிட்டார். நானும் அடித்தேன். முதல் பத்தி முடிவதற்குள் ராகவனின் முதுகெலும்பு அடிக்கடி செயலிழந்துவிட்டது.

கஸ்தூரி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். "சார், எங்க அப்பா நிக்கிறாரு. படுத்துகினு இல்ல."

"அதெல்லாம் அவங்களுக்குத் தெரியாதும்மா."

"எனக்குத் தெரியுது இல்லீங்க?"

அவர் கண்ணைத் திறந்தார். டிக்டேஷன் நடுவில் அவர் கண்ணைத் திறந்து நான் பார்த்ததில்லை. "சரி, நீ இன்னா எழுதப் போற?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பட்டு நெய்கிறார்கள். நூல் பெங்களூரிலிருந்து கற்றையாகச் சுற்றிய சிட்டமாக வரும், நெய்து கொடுப்பார்கள். பட்டுப்புழு எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவள் முதலில் பார்த்தது காலேஜ் லேபில், பாட்டிலுக்குள் மருந்தில் கிடந்த செத்த புழுவை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா சிரித்திருக்கிறார். ஆனால் அடுத்த நாள் தறியில் உட்கார்ந்தபடியே, "அது இன்னா துன்னும்? கண்ணு இருக்குமா?" என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார். அவளுக்குப் பாதிக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. "அதான் சார், உயிரோட பாக்கணும். பாத்து, படிக்கணும்."

பிரின்சிபால் சார் நெற்றியைத் தேய்த்தார். "புழுவா? அப்ளிகேஷன்ல போயி யாராச்சும் புழுவைப் பத்தி எழுதுவாங்களா? படிக்கிறவங்களுக்கு அருவருப்பா இருக்காது?"

"அது புழுவைப் பத்தின படிப்பு சார்."

நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்குத் தெரிஞ்சது இது. இதுல கையெழுத்துப் போடு. இல்லைன்னா போளூர்ல போயி வடாம் பிழிஞ்சிகினு இரு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கிவிட்டார். அவள் கையெழுத்துப் போடவில்லை. ராகவன் மகளையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சீட்டு கிடைக்கும்னா நான் படுத்துகினு இருக்கிறதா இருந்துட்டுப் போறேன் கஸ்தூரி. எனக்கொண்ணும் குறைஞ்சுடாது" என்றார். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

நான் அடித்த தாளை உருவிவிட்டுப் புதுத் தாளை மாட்டி, "ஜல்தியா சொல்லு" என்றேன். எனக்குத் தெரிந்த சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில், அவள் சொன்னதைச் சொன்னபடியே அடித்தேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. "கடைசியில சேவை பண்ணுவேன்னு ஒரு வரி சேத்துக்கலாமா?" என்றேன். பழக்க தோஷம். "யாருக்குக்கா? புழுவுக்கா?" என்றாள்.

திரும்பி வந்த பிரின்சிபால் சார் அதைப் படித்துவிட்டு, "இதுல ஒரு கஷ்டம் கூட இல்லையே. எதை வெச்சு சீட்டு குடுப்பாங்க?" என்றார். கேலிக்காக அவர் கேட்கவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. நம் இன்ஸ்டிடியூட்டில் அடித்தது என்று வெளியே சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அன்று எனக்கும் பயம்தான். சீட்டு வராவிட்டால், ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்தவள் என்று சேவூரே என்னைத்தான் பேசும்.

ஆடி பிறந்தது. போளூர் மாமா பஸ் ஏறி வந்து ஜாக்கெட் அளவு வாங்கிக்கொண்டு போனார். கடிதம் எதுவும் தவறக் கூடாது என்று எல்லோரும் எங்கள் மாடி விலாசத்தைத்தான் கொடுப்பார்கள். அதனால் ராகவன் தினமும் தபால் வரும் நேரத்துக்கு வந்து படிக்கட்டில் நிற்பார். "புழு வந்துச்சா?" என்று பிரின்சிபால் சார் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். ஆடி பாதி கழிந்தபோது வந்தது. நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

தறியில் யார் வீட்டு முகூர்த்தப் புடவையோ பாதியில் நின்றதால் ராகவனால் கிளம்ப முடியவில்லை. துணைக்கு நான் போனேன். தமிழ் தெரிந்த வயதான பேராசிரியர் ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்திருந்ததால் வராந்தாவில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது. ஆரணி என்றதும் அவர் குரல் இரக்கத்தில் தழைந்துவிட்டது. "உங்க அப்பா இப்போ எப்படி இருக்கார்?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கார் சார். தறியில இருக்கார்."

"எழுந்து உட்கார முடிகிறதா?"

"அவருக்கு ஒண்ணுமே இல்லையே சார்."

பேராசிரியர் பக்கத்தில் இருந்தவர்களிடம், ஆரணியில் நடமாடுகிற தகப்பனார் ஒருவர் இருக்கிறாராம் என்று ஆச்சரியமாகச் சொன்னார். முந்தைய வருஷங்களில் எங்கள் சரக்கு அந்த ஊர் வரைக்கும் போயிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பிறகு அவர் அந்த அரைப் பக்கத்தை எடுத்து நிதானமாகப் படித்தார். "புழுவைக் கையில் எடுக்க உனக்குப் பயமில்லையா?" என்றார்.

"தெரியாது சார். இன்னும் பாத்ததில்லையே."

ஆடி முடிவதற்குள் சீட்டு வந்துவிட்டது. போளூர் மாமாவுக்கு ஆவணியிலேயே வேறு பெண் அமைந்தது. ஜாக்கெட் அளவு மட்டும் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பிரின்சிபால் சார் சீட்டு வந்த கடிதத்தைப் படித்துவிட்டு ஜன்னல் ஓரமாகப் போய் வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பி, "சரோஜா, அந்தப் பொண்ணுக்கு நீ அடிச்சியே, அதுக்குக் கார்பன் காப்பி இருக்குதா?" என்றார்.

அடுத்த வருஷம் எங்கள் மாடி ஏறிய ஒருவரும் பட்டுப்புழுவைப் பார்த்திருக்கவில்லை. அப்பாக்கள் எல்லோரும் ஒரே நாளில் குணமாகித் தறியில் உட்கார்ந்துவிட்டார்கள். தேசூரில் அரிசி மண்டி வைத்திருந்தவர் மகன் வக்கீலுக்குப் படிக்க விண்ணப்பித்தான். அவன் வீட்டிலும் மூன்று தலைமுறையாகப் பட்டு நெய்தார்கள். புழுவையே பார்க்காத நான் நீதியை எங்கே பார்த்திருப்பேன் என்று பிரின்சிபால் சார் அதில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தார். "சார், இது அந்தப் பொண்ணோட வாழ்க்கை" என்று நான் சொல்லிப் பார்த்தேன். "ஓடற படத்தை எவனாச்சும் தியேட்டரை விட்டு எடுப்பானா? நீ அடி" என்றார். முணுமுணுத்துக்கொண்டே அடித்தேன்.

பட்டுப்புழுப் படிப்புக்கும் அந்த வருஷம் ஆரணியிலிருந்து சிலர் போட்டார்கள். பேராசிரியர் கஸ்தூரியைக் கூப்பிட்டு அந்தத் தாள்களை அவள் முன்னால் பரப்பியிருக்கிறார். எல்லாம் ஒரே வாசகம், அவளுடைய வாசகம். "உண்மையைச் சொல். உன்னுடையதை எழுதியது யார்? உங்கள் ஊரில் இதற்கு ஒரு ஆள் இருக்கிறாரா?" என்று கேட்டிருக்கிறார்.

லீவே இல்லாத நாளில் அவள் ஒரு மூங்கில் கூடையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது இதைத்தான் சொன்னாள். "என்னுதையே நான் காப்பி அடிச்சேன்னு நெனைச்சிட்டாங்கக்கா. எங்க அப்பாவையே காப்பின்னு சொல்றாங்க" என்று சொல்லும்போது அழுதுவிட்டாள். அத்தனையையும் அடித்தது என் விரல்கள்தானே. "அப்புறம் எப்படி நம்பினாரு?" என்று கேட்டேன். "எல்லாத்தையும் சொன்னேன். நடேசன் ஏணியில ஏறின கதையைக் கூட சொன்னேன். சிரிச்சிட்டாரு. அப்புறம் அவரே இதைக் குடுத்து, போயி உங்க ஊருக்குக் காட்டிட்டு வான்னு அனுப்பிட்டாரு." கூடை மேல் கிடந்த ஈரத்துணியை எடுத்தாள்.

நாங்கள் நேராக மாடிக்குப் போனோம். என் இடத்தில் இன்னொரு பெண் அடிக்க, பிரின்சிபால் சார் கண்ணை மூடியபடி யாரோ ஒரு பையனுக்குச் சொந்த வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். கஸ்தூரி கூடையை அவர் மேஜை மேல் வைத்து, புது இலையைக் கிள்ளிப் போட்டாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாம் நின்றதும் புழுக்கள் இலை கடிக்கிற சத்தம் கேட்டது. மெஷின் சத்தம் நின்றுவிட்டதே என்று பிரின்சிபால் சார் கண்ணைத் திறந்தார்.

"கடிக்குமா?" என்றார்.

"இலையை மட்டும்தான் சார். நல்லா பாத்துக்கோங்க. எல்லாரும் பாத்துக்கோங்க. இனிமே ஆரணியில எவனும் புழுவைப் பாத்ததில்லைன்னு எழுத முடியாது."

செய்தி பரவி மாடிப்படி முழுக்க ஜனம். பட்டு நெய்வதையே பிழைப்பாக வைத்திருந்த ஊர் முதல் தடவையாகப் புழுவைப் பார்க்க வரிசையில் நின்றது. நடேசன் மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, "இதுக்கா இந்த வெலை சொல்றானுங்க?" என்றார். முக்காலியில் இருந்த பையன் பாதி அடித்த தாளைக் காட்டி, "சார், அப்போ எனக்கு இன்னா எழுதறது?" என்று கேட்டான். பிரின்சிபால் சார் அவனைப் பார்த்து, "எனக்கு எப்படிப்பா தெரியும்? நீ சொல்லு" என்றார். அந்த மாடியில் அவர் யாரிடமும் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ராகவன் கடைசியாக வந்தார். தறியிலிருந்து நேராக எழுந்து வந்திருந்தார், சட்டை கூடப் போடவில்லை. கஸ்தூரி ஒரு புழுவை எடுத்து அவர் உள்ளங்கையில் விட்டாள். அது மெதுவாக விரல் பக்கம் ஏறியது. அவர் மூச்சு விடாமல் நின்றார். "சில்லுனு இருக்குதே" என்று மட்டும் சொன்னார். கண் கலங்கியிருந்தது. நானும் அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கிறது.

பின்னால் நின்றவர்கள் இடித்துத் தள்ள ஆரம்பித்தார்கள். "போதும்ப்பா, குடு. அதுக்கு இலை போடணும்" என்று கஸ்தூரி கையை நீட்டினாள்.

அவர் கையை மூடாமல் மார்புக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "இரும்மா. நான் இன்னும் பாத்து முடிக்கல."